பல்லுக்குள் சுருண்டிருந்த நூல்

மணவாளனுக்கு மேல்வரிசையில் இடது பக்கம் ஒரு பல் கிடையாது. பதினெட்டு வயதில் ஏரிக்கரைச் சரிவில் சைக்கிளோடு விழுந்ததில் பாதி உடைந்துபோக, மீதியை ஆஸ்பத்திரியில் வேரோடு எடுத்துவிட்டார்கள். கல்யாணப் போட்டோவில் அது தெரியக்கூடாது என்று உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பான். பல் கட்டிக்கொள்ளச் சொல்லி கல்பனா எத்தனையோ தடவை நச்சரித்துப் பார்த்தாள். "இருந்துட்டுப் போவட்டும்மே, காத்து வர்றதுக்கு" என்று சொல்லிவிடுவான்.

கல்பனா புதுவாயல் கூட்டுரோட்டுக்குப் பக்கத்து ஊரில் பிறந்து, இரண்டு ஊர் தள்ளி வாழ்க்கைப்பட்டவள். அவள் அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவள். கல்பனா பத்தாவது முடித்தாள். கல்யாணமாகி, மகள் பிறந்து நடக்க ஆரம்பித்ததும் மோட்டார் கம்பெனியில் சேர்ந்தாள். தலைமுடி கனத்தில் செம்புக் கம்பி வரும். அதைச் சுற்றிச் சுற்றிக் காயிலாக்கி, மோட்டாரின் இரும்புப் பள்ளங்களுக்குள் திணித்து அடக்க வேண்டும். பதினைந்து வருஷமாக அதே வேலை. ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் அவள் விரலே சொல்லிவிடும். மணவாளன் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலையில் காண்ட்ராக்ட் ஆள். உலைக்குள் பழைய இரும்பைத் தள்ளும் இடத்தில் நிற்பவன். ஒரே மகள் இளமதி, பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்த உலை வெடித்தது. இரும்போடு மூடிய உருளை ஏதோ உள்ளே போய்விட்டது என்றார்கள். ஈர இரும்பு உள்ளே போய்விட்டது என்றும் சொன்னார்கள். கூரைத் தகடு பறந்தது, பின்சுவர் அப்படியே சரிந்தது. கேட்டில் இருந்த நோட்டுப்படி அந்த நேரத்தில் உலைப் பக்கம் நின்றது மணவாளன் ஒருவன்தான். சாயங்காலத்துக்குள் ஓர் உடல் கிடைத்தது. நோட்டில் ஒரு பெயர், கையில் ஓர் உடல். அதற்குமேல் யாரும் தோண்டவில்லை.

மறுநாள் கல்பனாவும் அவள் கொழுந்தன் அன்புராஜும் பிணவறைக்குப் போனார்கள். துணியை விலக்கியபோது அங்கே முகம் என்று ஒன்று இல்லை. உயரம் ஒத்திருந்தது. இடுப்பில் காண்ட்ராக்டர் ஆட்களுக்குக் கொடுக்கும் பெல்ட்டின் பக்கிள் கருகி ஒட்டியிருந்தது. அன்புராஜ் அதைப் பார்த்ததுமே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அண்ணன்தான் என்று அழுதான். ஏட்டு, கல்பனாவின் பக்கம் திரும்பினார்.

தீயில் உதடுகள் சுருங்கி விலகியிருந்தன. பல் அத்தனையும் வெளியே தெரிந்தது. இடது பக்கம் மேலே பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். வரிசை முழுசாக இருந்தது.

"உங்க ஊட்டுக்காரர்தானாம்மா?" என்றார் ஏட்டு.

அவளுக்குத் தன் பெரியம்மா பூவம்மாள் நினைவுக்கு வந்தாள். பூவம்மாளைப் பழவேற்காட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் அவள் பொட்டை அழிக்கவும் இல்லை, நிம்மதியாக வைத்துக்கொள்ளவும் இல்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் சோற்றுக் கையோடு எழுந்து போய்ப் பார்ப்பாள். சாகிற வரைக்கும் பார்த்தாள். இது அவர் இல்லையென்றால் அவர் எங்கே என்ற கேள்வியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பிணவறையை விட்டு வெளியே போக கல்பனாவால் முடியவில்லை. வீட்டில் இளமதி காத்திருந்தாள்.

கல்பனா தலையை ஆட்டினாள். ஏட்டு எழுதிக்கொண்டார்.

ஊர்ச் சுடுகாட்டில் புதைத்தார்கள். மூன்றாம் நாள் பால் தெளித்தார்கள், பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. புகையில் கண் எரிந்தது, சரியாகப் பார்த்திருக்க மாட்டோம் என்று கல்பனா தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பிணவறையில் புகை ஏது என்று அவள் மனசே திருப்பிக் கேட்டது.

அப்புறம்தான் மணவாளன் தென்பட ஆரம்பித்தான். பகலிலேதான். கம்பெனி வேன் கிளம்பும்போது ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பி உருளைகள் அடுக்கியிருக்கும் இடத்தில் யாரோ நிற்பது போலிருக்கும், நிமிர்ந்தால் இருக்காது. மிரட்டுவதில்லை, கூப்பிடுவதில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி நிற்பான், அவ்வளவுதான். ஒரே ஒரு விஷயம் அவளைப் போட்டு அறுத்தது. அவன் வீட்டுக்குள் வரவே இல்லை. வாசல் வேப்பமரத்தோடு நின்றுவிடுவான். அவன் பெயரில் வேறொருவன் படுத்திருக்கும்போது எந்த உரிமையில் உள்ளே வருவான் என்று அவளுக்குத் தோன்றும். ஒவ்வொரு அமாவாசைக்கும் சுடுகாட்டுக்குப் போய் விளக்கேற்றி, மண்ணில் ஒரு டம்ளர் பால் ஊற்றுவாள். யாருக்கு ஊற்றுகிறோம் என்று தெரியாமல் ஊற்றினாள்.

மூன்றாவது மாதம் அதுவும் தெரிந்துபோனது.

புதுவாயலில் மேம்பாலத் தூணில் ஒரு பெண் மைதாப் பசை தடவி நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது வயசு இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை. காணவில்லை என்று மேலே எழுதியிருந்தது. கீழே இருபத்தாறு வயசுப் பையன் ஒருவனின் போட்டோ, ஜோஷ்வா என்ற பெயர், காணாமல் போன தேதி. ஆடி மாதம், அதே செவ்வாய்க்கிழமை. போட்டோவில் அவன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். பல்வரிசை பளிச்சென்று முழுசாக இருந்தது.

"பாத்தா சொல்லுமா. என் தம்பி" என்றாள் அந்தப் பெண்.

அவள் பெயர் ஹெலன். கேட்காமலேயே சொல்லிக்கொண்டு போனாள். அம்மா அப்பா இல்லாமல் அவள் வளர்த்த தம்பி. அன்றைக்குக் காலையில் சிநேகிதன் ஒருவனுக்கு உடம்பு சரியில்லை, அவனுக்குப் பதிலாக வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பியிருக்கிறான். எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை. அந்தச் சிநேகிதனோ மறுநாளே ஊரைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தான். வெடிப்பைப் பற்றிக் கேள்விப்பட்டு காண்ட்ராக்டரிடம் போய்க் கேட்டாள். அப்படி ஒருவன் உள்ளே வரவே இல்லை என்று அவர் நோட்டைக் காட்டிவிட்டார். தடாவில் பார்த்தோம் என்று யாரோ சொல்ல, தடாவுக்குப் போனாள். சூளூர்பேட்டை ரயிலடியில் இரண்டு நாள் நின்றாள்.

வேன் வந்தது. கல்பனா ஏறிக்கொண்டாள். அன்றைக்கு ஒரு காயிலில் எண்ணிக்கை தவறிப்போய், சூப்பர்வைசர் முழுவதையும் பிரிக்கச் சொன்னார். பதினைந்து வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

அப்புறம் ஆறு மாதம் அவள் வாயைத் திறக்கவில்லை. நோட்டீஸ் மழையில் கிழியும், ஹெலன் புதிதாக ஒட்டுவாள். கல்பனா வேனில் அந்தத் தூண் பக்கம் முதுகைக் காட்டும் சீட்டாகப் பார்த்து உட்காருவாள். பூவம்மாள் பட்ட பாட்டைத் தான் படக்கூடாது என்றுதான் தலையாட்டினாள். அதை எடுத்து இன்னொருத்தி தலையில் வைத்தாயிற்று என்பது ஒவ்வொரு நாளும் காலை ஏழேகாலுக்கு அவள் கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது.

மாசி மாதம் உருக்காலையைத் திரும்பத் திறப்பதற்காக இடிபாடுகளை அள்ளினார்கள். சரிந்த பின்சுவருக்கு அடியில் கேபிள் போகும் பள்ளம் ஒன்று, மழைத் தண்ணீரும் சேறுமாக நிரம்பிக் கிடந்தது. அதில் எலும்புகள் கிடைத்தன. ஹெலன் ஸ்டேஷனுக்கு ஓடினாள். அவள் ரத்தத்தை எடுத்து, எலும்போடு ஒப்பிட்டுப் பார்க்கச் சென்னைக்கு அனுப்பினார்கள். தம்பி கிடைத்துவிட்டான் என்று ரோட்டில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். மகிழ்ச்சி என்று அதைச் சொல்ல முடியாது, ஆனால் அவள் நடை மாறியிருந்தது. ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. அந்த எலும்புகள் அவள் கூடப்பிறந்தவனுடையவை அல்ல.

அடுத்த வாரம் தூணில் புது நோட்டீஸ் இருந்தது.

இன்ஸ்பெக்டருக்கு இப்போது யோசனை வேறு பக்கம் போனது. உள்ளே இருந்தது ஒருவன்தான் என்று நோட்டு சொல்கிறது, கிடைத்தது இரண்டு பேர். அவர் கல்பனா வீட்டுக்கு வந்து, மணவாளனின் மகள் ரத்தம் வேண்டும், கோர்ட்டில் உத்தரவு வாங்கியிருக்கிறது என்று தன்மையாகவே சொன்னார். ஏதோ குழப்பம், சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான் என்றார்.

அரசு ஆஸ்பத்திரியில் இளமதிக்கு ரத்தம் எடுத்த அன்று, அதை வாங்கிப் போகத் தடய அறிவியல் ஆய்வகத்திலிருந்து பிரின்சி என்ற பெண் வந்திருந்தாள். முப்பது வயசுக்குள்தான் இருக்கும், பேச்சில் சலிப்பில்லாதவள். கெட்டியான ஓர் அட்டையில் ரத்தத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காயவைத்தாள். காயும் வரைக்கும் இளமதி கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். ஏழு மாசம் தண்ணியில் கிடந்த எலும்பில் என்ன மிஞ்சியிருக்கும் என்று கேட்டாள்.

டி.என்.ஏ. மிஞ்சும் என்றாள் பிரின்சி. கண்ணுக்குத் தெரியாத ஒரு செல்லுக்குள், அதைவிடச் சின்ன உட்கருவுக்குள், இரண்டு மீட்டர் நீளத்துக்கு அந்த நூல் இருக்கிறது என்றாள். ரத்தத்தில்கூடச் சிவப்பணுவில் அது கிடையாது. வெள்ளையணுவில்தான் இருக்கிறது, அதைத்தான் இந்த அட்டையிலிருந்து எடுப்போம் என்றாள்.

அவ்வளவு நீளம் எப்படி அடங்கும் என்று இந்தத் தடவை கேட்டது கல்பனா. அவளுக்கு அது தொழில் சம்பந்தப்பட்ட கேள்வி.

பிரின்சி அவள் என்ன வேலை செய்கிறாள் என்று விசாரித்துவிட்டுச் சிரித்தாள். அப்படியானால் உங்களுக்குச் சொல்வது சுலபம் என்றாள். ஹிஸ்டோன் என்று சின்னச் சின்னப் புரத உருண்டைகள் இருக்கின்றன. நூல் ஒரு உருண்டையை ஒன்றே முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றும், கொஞ்சம் விட்டு அடுத்த உருண்டையைச் சுற்றும். மணி கோத்த மாதிரி. அந்த மணிச்சரம் மறுபடி தானே மடிந்து, கண்ணி கண்ணியாக வளைந்து, நெருங்கி அடங்கும். அப்படிக் கோடிக்கணக்கான உருண்டைகள், நாற்பத்தாறு கட்டுகள், ஒரே ஓர் உட்கருவுக்குள். ஆனாலும் சிக்கு விழாது. எந்த இடத்தைப் படிக்க வேண்டுமோ அந்த இடம் மட்டும் தளர்ந்து கொடுக்கும், படித்தபின் மூடிக்கொள்ளும். அதில் பாதி அப்பாவுடையது, பாதி அம்மாவுடையது.

கல்பனா மகளைப் பார்த்தாள். பஞ்சை முழங்கை மடிப்பில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் இளமதி. இத்தனை நாள் வேப்பமரத்துக்கு வெளியே நிற்கிறவனைத் தேடிக்கொண்டிருந்தோமே, அவன் இவளுடைய ஒவ்வொரு அணுவுக்குள்ளும் சுருண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தாள். ஆறுதலாக இல்லை. பயமாக இருந்தது.

"நெருப்புல வெந்து போயிருந்தா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ரொம்ப வெந்துட்டா நூலு துண்டு துண்டா அறுந்துரும்க்கா. ஆனா எலும்புல அது சுண்ணாம்புச் சத்தோட ஒட்டிக்கினு இருக்கும், லேசுல போவாது. எல்லாத்தையும்விட பல்லு நல்லது. மேல எனாமல் இருக்குல்ல, தீயி உள்ள எறங்க விடாது. ஒரு பல்லு கெடச்சா போதும், ஆளு யாருன்னு சொல்லிருவோம்."

கல்பனா வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினாள். சுடுகாட்டு மண்ணுக்கடியில் இருக்கிற அந்த முழு வரிசை அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. தான் தலையாட்டியதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தாள். அங்கே ஒவ்வொரு பல்லுக்குள்ளும் ஜோஷ்வாவின் பெயர் இறுக்கிச் சுற்றிவைத்தபடி காத்திருந்தது, யாராவது வந்து பிரிக்கட்டும் என்று. ரிப்போர்ட் வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் ஹெலன் அந்தத் தூணுக்கு வந்துகொண்டிருப்பாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கி நடக்கும்போது மகளிடம் சொல்லிவிட்டாள். அழவில்லை, சுற்றி வளைக்கவில்லை.

"அப்ப நான் யாருக்குமா அழுதேன்?" என்றாள் இளமதி.

அதற்குப் பிறகு பல வாரம் அவள் அம்மாவிடம் தேவைக்கு மட்டும்தான் பேசினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நோட்டீஸில் இருந்த விலாசத்தைப் பிடித்துக்கொண்டு கல்பனா வள்ளூருக்குப் போனாள். அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்குக் கீழே, சாம்பல் படிந்த ஓட்டு வீடுகளில் ஒன்று. ஹெலன் அப்போதுதான் கோயில் பூசை முடிந்து வந்திருந்தாள். அடையாளம் தெரியவில்லை. உட்காரச் சொல்லி, தம்பியைப் பற்றித் தகவல் ஏதாவதா என்று ஆவலாகக் கேட்டாள். சுவரில் ஜோஷ்வாவின் போட்டோ இருந்தது. மாலை போட்டிருக்கவில்லை. கீழே அவன் செருப்பு துடைத்து வைத்திருந்தது.

கல்பனா உட்காராமல் நின்றபடியே சொன்னாள். பிணவறை, பல், தலையாட்டியது, தூணில் நோட்டீஸ் பார்த்தது, அப்போதே தெரிந்தது, ஆறு மாதம் சொல்லாமல் இருந்தது. எதையும் குறைக்கவில்லை. உங்க தம்பி எங்க ஊரில்தான் இருக்கிறான் அக்கா என்று முடித்தாள்.

ஹெலன் அடிப்பாள் என்றுதான் நினைத்து வந்திருந்தாள். ஹெலன் நாற்காலியின் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அங்கே யாராவது விளக்கு வைத்தார்களா என்று கேட்டாள்.

"நான் வெச்சேன்க்கா. அமாவாசைக்கு அமாவாசை பால் ஊத்தினேன்."

"அவன் பால் குடிக்கவே மாட்டானே" என்றாள் ஹெலன். "கொழந்தையிலேர்ந்து ஆவாது அவனுக்கு. வாந்தி எடுத்துருவான்."

சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. கல்பனா திரும்பி வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனாள். அன்புராஜ் கூடவே வந்து தடுத்துப் பார்த்தான். ரிப்போர்ட் வரட்டும், ஆள் தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், நீயாக ஏன் மாட்டிக்கொள்கிறாய் அண்ணி என்றான். இன்ஸ்பெக்டரும் அதே பாதையைத்தான் காட்டினார். அவள் சொல்லச் சொல்ல எழுதியவர், உடல் கருகியிருந்தபடியால் தவறாக அடையாளம் காட்டிவிட்டேன் என்று வாசித்துக் காட்டினார்.

"தப்பா காட்டல சார். தெரிஞ்சே காட்டினேன். அப்டியே எழுதுங்க."

அவர் பேனாவை வைத்துவிட்டு அவளையே பார்த்தார். அதற்கு வழக்கு வரும் என்றார். வரட்டும் என்றாள். புதுத் தாள் எடுத்து முதலிலிருந்து எழுதினார்.

சித்திரை கடைசியில், தாசில்தார் முன்னிலையில் காலை வெயிலில் குழியைத் திறந்தார்கள். ஊர்க்காரர்கள் தள்ளி நின்றார்கள். கல்பனா ஒரு பக்கம், ஹெலன் ஒரு பக்கம். டாக்டர் இரண்டு கடைவாய்ப் பற்களை எடுத்து ஒரு டப்பாவில் போட்டு முத்திரை வைத்தார். பல்லை அவர் கையில் எடுத்தபோது ஹெலன் முன்னால் இரண்டு எட்டு வைத்தாள், யாரும் தடுக்கவில்லை, அவளே நின்றுகொண்டாள்.

இரண்டு ரிப்போர்ட்டுகளும் ஒன்றாக வந்தன. கேபிள் பள்ளத்தில் கிடைத்த எலும்புகள் இளமதியின் தகப்பனுடையவை. குழியிலிருந்து எடுத்த பல் ஹெலனின் கூடப்பிறந்தவனுடையது. பிரின்சி போனில் இன்னொன்றும் சொன்னாள். உட்கருவுக்கு வெளியே இருக்கும் சின்ன டி.என்.ஏ. வளையம் ஒன்று அம்மாவிடமிருந்து மட்டும் பிள்ளைகளுக்கு வருவது, ஹெலனுக்கும் அவள் தம்பிக்கும் அதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை என்று. ஹெலன் அதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாளாம்.

ஜோஷ்வாவை வள்ளூர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். கல்பனா போகவில்லை. வரக்கூடாது என்று ஹெலன் சொல்லி அனுப்பியிருந்தாள். மணவாளன் ஒரு பெட்டியில் வந்தான். அத்தனை பெரிய ஆள் அவ்வளவு லேசாக இருப்பான் என்று கல்பனா நினைக்கவில்லை. பெட்டியை வேறு யாரையும் தொடவிடாமல் இளமதியே மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பழைய குழியில் வைக்க ஊரில் ஒப்பவில்லை. பத்தடி தள்ளிப் புதுக் குழி வெட்டினார்கள்.

கல்பனா எழுதிக்கொடுத்ததும் அந்தப் பல்லும்தான் ஜோஷ்வா அன்றைக்கு உள்ளே இருந்தான் என்பதற்கு ஆதாரம் ஆயின. நோட்டில் பெயரில்லாமல் ஆளை உள்ளே விட்டு, செத்தபின் மறைத்ததற்காகக் காண்ட்ராக்டர் மேல் வழக்கு நடக்கிறது. கல்பனா மேலும் தனியாக ஒன்று இருக்கிறது. இரண்டும் பொன்னேரி கோர்ட்டில். வாய்தாவுக்கு வாய்தா தள்ளிப்போகிறது. வெளியே நிழலுக்கு இருப்பது ஒரே பெஞ்சு. முதல் இரண்டு தடவை ஹெலன் வெயிலில் நின்றாள். மூன்றாவது தடவை அந்தக் கோடியில் வந்து உட்கார்ந்தாள். ஐந்தாவது வாய்தாவில் டீ வாங்கி வந்தவள் இரண்டு டம்ளர் கொண்டுவந்தாள்.

அன்றைக்கும் வழக்கு தள்ளிப்போனது. திரும்பும்போது ஒரே பஸ், கூட்டத்தில் பக்கத்துப் பக்கத்து சீட்டுதான் கிடைத்தது. வழியில் ஷிப்ட் முடிந்து ஆட்கள் சாலையோரம் கும்பல் கும்பலாக நின்றிருந்தார்கள். ஹெலன் ஜன்னல் வழியாக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"பல்லப் பாத்து சொல்லிட்டாங்க, என் கையால மண்ணும் போட்டுட்டேன்" என்றாள், திரும்பாமல். "ஆனாலும் பாத்துக்கினுதான் வரேன். கண்ணு நிக்க மாட்டேங்குது."

கல்பனா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் யார் நிற்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். மணவாளனைப் புதைத்த பிறகும் அவன் போகவில்லை. இப்போது அவனோடு இன்னொருவனும் நிற்கிறான். அதை ஹெலனிடம் சொல்லலாமா என்று யோசித்தாள். சொல்லவில்லை. கண்டக்டர் வந்தபோது இரண்டு டிக்கெட்டாக வாங்கினாள், ஹெலன் வேண்டாம் என்று சொல்லவில்லை.